ஆயிரம் மீனுக்கும் ஒரே தாய்

போன கிழமை தர்சினி வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற கந்தோரில் இப்போது என் கதிரையில் இருக்கிற பிள்ளை அவள்.

"சரோ அக்கா, நீங்க ரெண்டு மாசம் கிடந்து செஞ்ச அந்தக் கோயில் லிஸ்ட் இரிக்கெல்லா, அதமாதிரி ஒண்ட இண்டைக்கு ஏஐயிட்டக் கேட்டன். தேத்தண்ணி ஆறல்ல, வந்திட்டு. பக்கம் பிரிக்குது, தலைப்ப அமத்தினா அடுக்குது, எல்லாம் செய்யுது. நீங்க என்னக்கா ரெண்டு மாசமாச் செஞ்ச?"

கேட்கிற கேள்வியைப் பாருங்கள். நானும் பதிலுக்கு ஏழு நிமிடம் மூச்சுவிடாமல் பேசினேன். அனுப்பப் போகும்போது விரல் வழுக்கி அவ்வளவும் அழிந்துபோயிற்று. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தென்றால் விரல் வழுக்கினாலும் பாதியாவது மிஞ்சும்.

என் பெயர் சரோஜினி. வீடு நாவற்குடா. இருபது வயதில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தேன். தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கிவிட்டுக் கணினியைக் கொண்டுவந்து வைத்த நாளில் அழுதேன். மறுநாள், பிழைவிட்ட இடத்தில் வெள்ளை மை பூசாமலே திருத்தலாம் என்று கண்டதும் அழுகை நின்றுவிட்டது. நாற்பத்தாறு வயதில் சங்கத்து வேலை போனது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து இணையத்தளம் செய்யப் படித்தேன். அந்தப் பிள்ளைகள் என்னை முதல் நாள் ஆசிரியை என்று நினைத்து எழும்பி நின்றார்கள். படிப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

வேலை கிடைத்தது நகரத்தில், ஓர் இரும்புக்கடைக்கு மேல்மாடியில். நாலு பேர் இருந்த கந்தோர். முதலாளி குகன் என்னைவிட இருபது வயது இளையவர். அவரைச் 'சேர்' என்று கூப்பிடும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் கூப்பிட்டேன், அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குகன் சேர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அதுதான் அவரிடம் பயம். நாம் எழுதிய நிரலைப் பின்னால் நின்று, கையில் தேத்தண்ணியோடு, வரிவரியாக வாய்விட்டு வாசிப்பார். வாசித்து முடித்து, "வடிவா இரிக்கு" என்று ஒருதரம் சொன்னால் வேலை சரி. இரண்டுதரம் சொன்னால் எங்கேயோ பிழை. மூன்றுதரம் சொன்னால் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சாதாரண நாளில் என்னை அக்கா என்பார், பிழைவிட்ட நாளில் மிஸ் என்பார்.

அவரிடம் இன்னொரு முறை இருந்தது. எந்தப் பட்டியல் செய்தாலும், அதை ஆட்களிடம் கொடுக்கும் முன்பு ஆயிரம் பொய்ப் பெயர்களை அதற்குள் போட்டு ஓட்டிப் பார்ப்பார். "பத்துப் பேரோட எல்லா லிஸ்டும் நல்ல பிள்ளைதான் அக்கா. ஆயிரம் பேர் வந்தாத்தான் குணம் தெரியும்" என்பார். பொய்ப் பெயர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு: உண்மையான ஆள் எவருடைய பெயரும் வந்துவிடக் கூடாது. ஆகவே வாவி மீன்களின் பெயரைச் சேர்த்துவிடுவார். செப்பலி செல்லத்துரை, மணலை மார்க்கண்டு, திரளி திலகவதி, கொடுவா குணரத்தினம். ஒரு வங்கிக்காரர் அந்தப் பட்டியலைக் கண்டு, இவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா என்று கேட்டிருக்கிறார்.

இனிக் கோயில் கதைக்கு வருகிறேன். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், பழுகாமத்துக்கும் அங்கால் ஓர் ஊர். ஊரின் பெயரையும் குடிகளின் பெயரையும் எழுதமாட்டேன். நான் இன்னும் இந்த மாவட்டத்தில்தான் மீன் வாங்க வேண்டியிருக்கிறது. அந்த அம்மாள் கோயிலில் பத்து நாள் திருவிழா, நாளுக்கு ஒரு குடி, அதாவது ஒரு வம்சம். அன்றன்றைக்குப் பூசைக்கு முன் அந்தக் குடி ஆட்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். பத்தாம் நாள் தீர்த்தம். அன்றைக்கு எல்லாக் குடிகளின் பெயரும் வாசிக்கப்படும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தங்கள் பெயர் வருகிறதா என்று காத்துக்கிடப்பார்கள்.

கோயில் தலைவரை எங்கள் பக்கத்தில் வண்ணக்கர் என்போம். அந்தக் கோயில் வண்ணக்கர் தங்கராசா ஒருநாள் எங்கள் மேல்மாடிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, காதில் பேனை, சொப்பிங் பேக்கில் சுற்றிய ஒரு கொப்பி. கோயிலுக்கு நாங்கள் முன்பே இணையத்தளம் செய்து கொடுத்திருந்தோம். அதில் பெயர் பதிகிற படிவமும் இருந்தது. பதிகிறவர்களின் பெயரெல்லாம் ஒவ்வொன்றாக மின்னஞ்சலில் வந்து விழ, அவர் அதைக் கொப்பியில் எழுதி எழுதிக் கை வீங்கிப் போயிருந்தார். அவருக்குத் தேவை, தளத்தின் பின்பக்கத்தில், நிர்வாகம் மட்டும் திறக்கிற இடத்தில், பதிந்தவர்கள் எல்லாரையும் ஒரே பட்டியலாகக் காட்டும் ஒரு பிளகின். தளத்துக்குள் கூடுதலாகச் செருகுகிற சின்னத் துண்டைத்தான் பிளகின் என்பது. தலைப்பை அமத்தினால் அந்தத் தலைப்பின்படி அடுக்க வேண்டும். ஒரு நாளைத் தெரிந்தெடுத்தால் அந்த நாள் குடி மட்டும் வர வேண்டும். பக்கத்துக்கு இருபது பேர்.

வந்தவர் முதலில் படிவத்தில்தான் கைவைத்தார்.

"இதென்ன, தகப்பன்ட பேர் கேக்குது?"

"எல்லாப் படிவத்திலயும் அப்பிடித்தானே ஐயா."

"தகப்பன வச்சி என்னத்தப் பாக்கிற? குடி தாயால வாறது. நீ எந்த ஊர்காரிகா?"

"நாவற்குடா."

"நாவற்குடாவில புறந்து போட்டு இந்த வேல பாத்திரிக்காய். யாழ்ப்பாணத்தாள் எண்டாலும் மன்னிப்பன்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் சொன்னது சரி. கொழும்பில் யாரோ செய்த படிவத்தை அப்படியே எடுத்து ஒட்டியவள் நான்தான். தாயின் பெயருக்கு ஒரு இடம் புதிதாகச் சேர்க்கிறேன் என்றேன். அவர் அதோடு விடவில்லை.

"தாய்ட பேரில அமத்தினா, ஒரு தாய்ட பிள்ளையள் எல்லாம் ஒரே இடத்தில வந்து நிக்கோணும். அது முக்கியம். மத்ததெல்லாம் இரிந்தாலும் ஒண்டு, இல்லாட்டியும் ஒண்டு."

ஏன் அது மட்டும் முக்கியம் என்று நான் கேட்கவில்லை. கோபத்தில் இருக்கிறவளுக்குக் கேள்வி வராது.

அந்த மாதம் குகன் சேர் சிக்குன்குனியாவில் படுத்துவிட்டார். ஆயிரம் பொய்ப் பெயர் போடுகிற வேலை முதல்முறையாக என் தலையில் விழுந்தது. நானும் மீன்களைப் போட்டேன். நாள், ஊர், தொலைபேசி எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டேன். தாயின் பெயருக்கு வந்தபோது மதியம் இரண்டு மணி, மின்விசிறி நின்றுவிட்டது, எனக்குப் பசி. ஆயிரம் பேருக்கும் 'வாவியம்மா' என்று ஒரே பெயரைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். வாவி மீனுக்குத் தாய் வாவிதானே என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

குகன் சேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து பட்டியலைச் சோதித்தார். பெயரை அமத்தினார், அடுக்கியது. ஊரை அமத்தினார், அடுக்கியது. தாயின் பெயரை அமத்தினார். எல்லாருக்கும் ஒரே தாய், என்னத்தை அடுக்குவது? ஒன்றும் அசையவில்லை, ஒன்றும் பிழையாகத் தெரியவுமில்லை. "வடிவா இரிக்கு" என்று ஒருதரம்தான் சொன்னார்.

மீன்களை அழித்தேன். பக்கத்தின் உச்சியில் உள்ள பெட்டியில் சரி அடையாளம் போட்டு, இருபது இருபதாக ஐம்பதுதரம். எங்கேயோ ஒரு சரி விழாமல் போயிருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியாது.

கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஒரு வேட்டியைச் சுவரில் கட்டி, புரஜெக்டரில் பட்டியலைக் காட்டினோம். அன்றைக்குப் பதிந்திருந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு, எல்லாரும் ஒரே பக்கத்தில். நான் பெருமையோடு 'திருவிழா நாள்' என்ற தலைப்பை அமத்தினேன். ஒன்றாம் நாள் மேலே வந்தது. அதற்கு அடுத்து, பத்தாம் நாள். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று.

பிழை என்னுடையதுதான். நாளை எண்ணாகச் சேமிக்காமல் எழுத்தாகச் சேமித்திருந்தேன். எழுத்தென்றால் கணினி முதல் எழுத்தைத்தான் பார்க்கும். ஒன்றில் தொடங்குகிற பத்தை ஒன்றின் பின்னால் ஒட்டிவைத்துவிடும். இதை நான் விளக்க வாய் திறப்பதற்குள் இரண்டாம் நாள் குடியின் முருகுப்பிள்ளை எழும்பிவிட்டார்.

"பத்தாம் நாள்காரர் எப்பிடி எங்களுக்கு முன்னுக்கு வந்த? ஆரு மாத்தின?"

பத்தாம் குடிக்காரர் ஒருவர் கைகூப்பினார். "ஒருத்தரும் மாத்தல்ல. அம்மாளுக்குத் தெரியும் ஆருக்கு எது இடம் எண்டு."

நான் பதறி மறுபடி அமத்தினேன். பட்டியல் தலைகீழாகிவிட்டது. ஒன்பது, எட்டு, ஏழு என்று இறங்கி, கடைசியில் இரண்டு, பத்து, ஒன்று. "இப்ப சரி" என்று முருகுப்பிள்ளை இருந்துவிட்டார். ஒன்றாம் குடிக்காரர்கள் எட்டுப் பேர் ஒன்றாக எழும்பினார்கள். "அப்ப நாங்க கடைசியா?" ஒருவர் வந்து சுட்டியைப் பிடுங்கி அமத்தினார். மற்றவர் பிடுங்கித் திருப்பி அமத்தினார். வேட்டியில் குடிகள் மேலும் கீழும் ஏறி இறங்கின. பின்வரிசையில் இருந்த பெண்கள் சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். எனக்கு மண்டபம் அப்படியே இரண்டாகப் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வேட்டியைச் சுட்டிக் கேட்டார்: "ஆறாம் நாளில நிக்கிற இந்தக் கொடுவா குணரத்தினம் ஆரு? தாய் வாவியம்மாவாம்."

எனக்கு உயிர் போயிற்று. உண்மையைச் சொல்ல எழும்பினேன். அதற்குள் ஆறாம் குடியின் மூத்தவர் தொண்டையைச் செருமினார். அந்தக் குடியில் அதுவரை பதிந்தது அவர் ஒருவர்தான்.

"குணரத்தினமா? எங்கட ஆள்தான். மாங்கேணிப் பக்கம் போய்க் கலியாணம் முடிச்சவன். கொடுவாப் பிடிக்கிறதில விண்ணன். தாயையும் எனக்குத் தெரியும், நல்ல மனிசி."

குகன் சேர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நான் இருந்துவிட்டேன். அது மீன், ஐயா, என்று அந்தச் சபையில் எப்படிச் சொல்வது? பேர் வந்தது வந்ததுதான், இனி அதை வெட்டினால் ஆறாம் குடியை வெட்டின மாதிரி என்று மூத்தவர் முடித்துவைத்தார்.

நாள் எண்ணாக மாறியது. இரண்டு வரி வேலை. இனி எல்லாம் பட்டியலில் என்று, வண்ணக்கருக்கு மின்னஞ்சல் போவதையும் நிறுத்தினேன். கூட்டத்தின் புண்ணியத்தால் ஊரெல்லாம் செய்தி பரவி, எங்கள் குடி குறையக் கூடாது என்று நாலா பக்கமும் இருந்து பதியத் தொடங்கினார்கள். அதிலும் நாலாம் நாள் குடி, வண்ணக்கரின் சொந்தக் குடி, இருபதையும் தாண்டிவிட்டது.

அந்த நாட்களில் ஒவ்வொரு காலையும் ஏழு மணிக்கு வண்ணக்கர் அழைப்பார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன்.

"பிள்ள, தாய்ட பேர அமத்திப் பாத்தன்."

"அடுக்குதா ஐயா?"

"அடுக்குது. வேற ஆக்கள் பதியல்லயா?"

"பதிஞ்சவங்க எல்லாம் அதில இரிப்பாங்க."

"ஓம் ஓம். சரி பிள்ள."

மறுநாளும் அதே கேள்வி. ஒரு மாதம் பொறுத்தேன். ஒருநாள் துருவலையில் கை கீறிவிட்டது. "வராதவங்கள நான் எங்க போய்ப் புடிச்சிக்கொண்டு வாற ஐயா?" என்று கத்திவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு அழைக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயில் நானே அடிக்க வேண்டும் போலிருக்கும்.

திருவிழா தொடங்கியது. நாலாம் நாள் முடிந்த மறுநாள் காலை, எங்கள் மேல்மாடிக்கு ஒரு டீச்சர் ஏறிவந்தார். ஐம்பது வயதிருக்கும். குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"என்ட பேர் நேசமலர். கோயில் வண்ணக்கர்ட தங்கச்சி. நானும் என்ட மகனும் ரெண்டு மாசத்துக்கு முன்ன பதிஞ்ச. நேத்து எங்கட குடிநாள். போன்ல முழுக்கக் கேட்டன். எங்கட பேர வாசிக்கல்ல."

நான் பட்டியலைத் திறக்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"பாத்திட்டு உண்மையச் சொல்லுங்க மிஸ். அண்ணன் வெட்டிட்டாரெண்டா வெட்டிட்டாரெண்டு சொல்லுங்க. நான் தாங்குவன்."

பிறகு அவரே சொன்னார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு, நகரத்தில் ஒரு மெதடிஸ்த வாத்தியாரை விரும்பிக் கலியாணம் முடித்திருக்கிறார். இனி உன் பெயர் இந்தக் கோயிலில் கேட்காது என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. "அவர்ட பிள்ளையள் மச்சாள்ட குடி. எங்கட தாய்ட குடியில அவருக்குப் பிறகு வண்ணக்கரா நிக்க என்ட மகன் ஒருத்தன்தான் இரிக்கான். அதுக்காகப் பதியல்ல. வயசு போகுது, ஒருக்காக் கேட்டுப் பாப்பமெண்டு பதிஞ்சன்."

பட்டியலைத் திறந்தேன். நாலாம் நாள், இருபத்துமூன்று பேர். முதல் பக்கத்தில் இருபது. அடுத்த பக்கத்துக்குப் போகிற அம்பை அமத்தினேன். இரண்டாம் பக்கத்தில் முதல் பெயர்: நேசமலர். தாய்: பொன்னம்மா. அடுத்த வரியில் மகன்.

தாயின் பெயரை அமத்தினேன். பட்டியல் அசைந்தது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் இருந்த மூன்று பேரும் அந்தப் பக்கத்திலேயே தங்களுக்குள் இடம் மாறிக்கொண்டார்கள். முதல் பக்கத்துக்குப் போய் அமத்தினேன். அந்த இருபது பேரும் தங்களுக்குள் மாறினார்கள். பொன்னம்மா மகன் தங்கராசா அங்கே தனியாக நின்றார்.

தாயின் பெயரைப் பிந்திச் சேர்த்ததால் அது வேறோர் இடத்தில் சேமிக்கப்பட்டிருந்தது. நான் முதலில் இருபது பேரை வெட்டி எடுத்து, அவர்களுக்குத் தாயைத் தேடி ஒட்டி, அந்த இருபதை மட்டும் அடுக்கியிருந்தேன். எல்லாரையும் அடுக்கிவிட்டு அல்லவா பக்கம் வெட்ட வேண்டும்! தட்டெழுத்துக்காரியின் புத்தி, ஒரு தாளை முடித்துவிட்டுத்தான் அடுத்த தாள். ஆயிரம் மீனுக்கும் ஒரே தாயைப் போட்டதால் சோதனையிலும் பிடிபடவில்லை.

"டீச்சர், வெட்டினது உங்கட அண்ணன் இல்ல. நான்தான்" என்றேன்.

குகன் சேர் பின்னால் நின்று நிரலை வாசித்தார். "வடிவா இரிக்கு, மிஸ்." தேத்தண்ணியை வைத்தார். "வடிவா இரிக்கு. வடிவா இரிக்கு."

அடுக்குகிற பகுதி முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். திருத்தியதைச் சோதிக்க ஆயிரம் மீனையும் மறுபடி வேறொரு தளத்தில் போடச் சொன்னார், மீனுக்கு ஒரு தாயாக, ஆயிரம் தாய். கணினி இரண்டு நிமிடத்தில் செய்யும். கையால் அடிக்கச் சொன்னார். அடித்தேன். எழுநூறாவது தாயில் என் சொந்தத் தாயின் பெயரும் வந்துவிட்டது.

அடுத்த நாள் குகன் சேருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி, பாலம் தாண்டிக் கோயிலுக்குப் போனேன். வண்ணக்கர் பந்தலுக்குக் கீழே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மடிக்கணினியைத் திறந்து, தாயின் பெயரை அமத்திக் காட்டினேன். பொன்னம்மா மகன் தங்கராசா. பொன்னம்மா மகள் நேசமலர். ஒன்றின் கீழ் ஒன்று.

அவர் விரலைத் திரையில் வைத்தார். வெற்றிலைச் சாறு திரையில் பட்டது. எடுக்கவில்லை.

"இது எப்ப வந்த?"

"ரெண்டு மாசமாப் போச்சு ஐயா. ரெண்டாம் பக்கத்தில இரிந்திரிக்கு. கீழ இரிக்கிற அம்ப அமத்தினா..."

"அது வடிவுக்குப் போட்டதெண்டெல்லா நினைச்சன்." வேட்டி நுனியால் திரையைத் துடைத்தார். "சபையில சொன்ன சொல்லு. நானாப் போய்க் கூப்பிட வெக்கம். அவளாப் பதிஞ்சா வாசிச்சிரலாம் எண்டுதான் இந்த லிஸ்டயே கேட்டன். விடிஞ்சா ஒருக்கா அமத்திப் பாப்பன். நீயும் சொன்னாய், வராதவங்களப் புடிச்சிக்கொண்டு வர ஏலா எண்டு."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். குகன் சேர் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலாம் நாள் போய்விட்டது. மிஞ்சியது தீர்த்தம் ஒன்றுதான். தங்கச்சியைக் கூப்பிடுங்கள் என்றேன். "பேர வாசிப்பன். காது இரிந்தாக் கேக்கட்டும்" என்றார். டீச்சருக்கு அழைத்தேன். "கூப்பிடாம எப்பிடி மிஸ் வாற?" என்றார். இந்த அண்ணனும் தங்கச்சியும் ஒரு தாயின் பிள்ளைகள் என்பதற்குப் பட்டியலே தேவையில்லை. நான் கூப்பிடுகிறேன், எனக்குத் துணைக்கு வாருங்கள் என்று சொல்லிவைத்தேன்.

பத்தாம் நாள் வாவிக்கரையில் சனம் நெரிந்தது. டீச்சரும், உயரமாக வளர்ந்த அவருடைய மகனும், மெதடிஸ்த வாத்தியாரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். வண்ணக்கர் ஒலிபெருக்கியில் வாசிக்கத் தொடங்கினார். கையில் எல்லாப் பக்கமும் இருந்தது. ஒன்றாம் குடி, இரண்டாம் குடி, மூன்றாம் குடி. நாலாம் குடி வந்தது.

"பொன்னம்மா மகன் தங்கராசா." நிறுத்தினார். ஒலிபெருக்கியில் அவர் மூச்சு கேட்டது. "பொன்னம்மா மகள் நேசமலர்."

டீச்சர் என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது. பிறகு மகனின் பெயரும் வந்தது. ஆறாம் குடியில் வாவியம்மா மகன் கொடுவா குணரத்தினத்தின் பெயரும் வந்தது. அவருக்காக ஆறாம் குடிக்காரர்கள்தான் எல்லாரையும்விடப் பலமாக அரோகரா சொன்னார்கள்.

தீர்த்தமாடி முடிந்து, வண்ணக்கர் சொட்டச் சொட்ட ஈரத்தோடு கரையேறினார். சனத்தை விலக்கிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். தங்கச்சியைப் பார்த்தார், அந்த உயரமான பிள்ளையைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு சண்டை பிடிக்கிற குரலில் கேட்டார்:

"இவ்வளவு நாளும் எங்ககா நிண்டாய்?"

டீச்சர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ரெண்டாம் பக்கத்தில, அண்ணன். முதலாவது ஆளா."